தூக்க வேண்டிய மாமன்

அத்தியாயம் ஒன்பது

இருபத்தேழு நாளாக வெள்ளியங்கிரிக் கவுண்டரின் ஆயில் எஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. கிணற்று மேட்டுக் கொட்டகைக்குள் மௌனச் சாமியாராக நிற்கிறது. அதைச் சுழற்றிக் கிளப்புகிற ஹேண்டில் களவு போய்விட்டதாகத் தோட்டம் முழுக்கப் பேச்சு. களவாவது கிளவாவது! எடுத்தவள் கவுண்டரின் சொந்த மனைவி சௌந்திரம். நம் கண் முன்னால்தான் அதைக் கம்புக் குதிருக்குள் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தாள். கையில் ஒட்டிய எண்ணெயைச் சாம்பல் போட்டுக் கழுவினாள். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு மோர் கடைய உட்கார்ந்தாள்.

இது என்ன பெண்பிள்ளை என்று புதிதாக வந்தவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அவள் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் எஞ்சினையே கிணற்றில் தள்ளியிருப்பீர்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்புவரை அந்தத் தோட்டத்தில் கவலை இறைப்புதான். வடக்கயிற்றின் ஒரு முனையில் தண்ணீர் மொள்ளுகிற சால், மறு முனையில் இரண்டு எருதுகள். எருதுகள் வாரிச் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். இறங்கும்போது கவுண்டர் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்து தம் கனத்தையும் சேர்த்துக் கொடுப்பார். சால் தண்ணீரைக் கொட்டியதும் எருதுகளைப் பின்னுக்கு நடத்திக்கொண்டு தாமும் மேடேறுவார். பொழுது கிளம்பியதிலிருந்து உச்சிவரை இருநூறு நடை. வயிறு என்று ஒன்று இருப்பதே பசித்தால்தான் அவருக்குத் தெரியும்.

எஞ்சின் வந்தது. கவுண்டர் அதன் பக்கத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சும்மா இருக்கிற வாய்க்கு ஆட்டையாம்பட்டி முறுக்கு வந்தது, முறுக்குக்குப் பின்னால் நெய்ச்சோறு வந்தது. இரண்டாம் வருஷம் தொந்தி வந்தது. ஊரோ, “பண்ணாடிக்கு இப்பத்தான் பண்ணாடிக் களை வந்திருக்குது” என்று கொண்டாடியது. சௌந்திரத்துக்கும் அப்போது பெருமைதான், மறைப்பானேன்? அவருடைய அரைஞாண் கயிற்றை அவிழ்த்து நீளமாகக் கட்டிவிட்டவளே அவள்தான். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

அப்புறம்தான் கால் கணக்குக் கேட்க ஆரம்பித்தது. வண்டியில் ஏற ஒரு கல்லைக் கவிழ்த்துப் போட வேண்டியிருந்தது. கீழே உட்கார்ந்து சாப்பிட முடியாமல் தச்சனை வைத்து ஒரு மேசை செய்தார். கால் நகத்தைச் சௌந்திரம் வெட்டிவிட்டாள். வண்டிக் குலுக்கல் முழங்காலுக்கு ஆகாது என்று, மூன்று மைலில் இருக்கிற ஒரே தங்கை மயிலம்மாள் வீட்டுக்குப் போவதையும் விட்டார். கைம்பெண்ணான தங்கைதான் நல்ல நாள் பெரிய நாளில் அண்ணனைப் பார்க்க நடந்து வருவாள்.

இத்தனையையும் சௌந்திரம் பொறுத்தாள். பொறுக்க முடியாமல் போனது, தங்கை மகள் வசந்தாமணியின் நிச்சயதார்த்தத்தன்று.

அன்று சபையில் மேசை ஏது, பெஞ்சு ஏது? எல்லோரையும்போலக் கவுண்டரும் பாயில் உட்கார்ந்தார். தட்டு மாற்றி முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். அவர் எழவில்லை. ஒரு கையை ஊன்றினார், மறு கையை ஊன்றினார், குப்புறக் கவிழ்ந்து பார்த்தார். கடைசியில் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே, “மாமனைத் தூக்கறதுக்கு இன்னொரு மாமன் வேணுமாட்ட இருக்குதே!” என்றார். சபை சிரித்தது. கவுண்டரும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சௌந்திரத்தால் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால் அந்தக் குடும்பத்து வழக்கம் அப்படி. கல்யாணப் பெண் தன் காலால் நடந்து மணவறைக்குப் போகக் கூடாது. தாய்மாமன் அவள் முன்னால் குந்தி, இரண்டு கையிலும் வாங்கி, வேறொருவர் கை படாமல் எழுந்து, வீட்டு வாசற்படியிலிருந்து பந்தல்வரை தூக்கிப் போக வேண்டும். நாற்பது அடி தூரம். வழியில் பெண்ணின் கால் மண்ணில் பட்டால் அந்தப் பேச்சு அவள் பேரன் காலம்வரை நிற்கும். தூக்கப்போகிற மாமனுக்குப் பெண்ணின் தாய் தன் கையால் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். வெற்றிலை யார் கைக்குப் போகிறதோ அவர்தான் மாமன். கை மாறினால் மாறியதுதான், திரும்ப வாங்குகிற பேச்சே கிடையாது.

வசந்தாமணிக்கு அப்பன் இல்லை. மாமனும் இல்லையென்று ஆகிவிடக் கூடாது. அதற்காகத்தான் சௌந்திரம் ஹேண்டிலை ஒளித்தாள். எஞ்சின் ஓடாவிட்டால் மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் வேண்டுமே, மனிதர் கவலைக்கு இறங்கித்தானே ஆக வேண்டும்! “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? நெய்ச்சோறு நின்றது. ராகிக் களியும் கொள்ளு ரசமும் வந்தன.

இதோ, ஈசுவர வருஷத்து ஆவணி. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை முகூர்த்தம்.

*

விடிந்ததும் ஒரு சேதி வந்தது. கவலையில் கூட நின்று ஓட்டுகிற பண்ணையாள் ஆண்டிக்குக் குளிர் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லையாம். இந்த இருபத்தேழு நாளும் பாதி நடை ஆண்டியுடையது, பாதிதான் கவுண்டருடையது. இன்றைக்கு ஒருநாள் போகட்டும், ஓய்வெடுப்பார் என்று சௌந்திரம் நினைத்தாள்.

கூழ்ச்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்கு வந்தபோது, “நூத்தி நாப்பத்தி ரெண்டு!” என்று குரல் கேட்டது.

கவுண்டர் வடத்தின்மேல் உட்கார்ந்து சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். மார்பிலிருந்து வேர்வை வழிந்து தொந்தியின்மேல் இரண்டாகப் பிரிந்து ஓடியது. தொந்தி கரைந்துவிட்டது என்று பொய் சொல்லக் கூடாது. இருக்கத்தான் இருந்தது. ஆனால் போன வாரம் சௌந்திரம் அரைஞாண் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டுக் குறுக்கியிருந்தாள். மூன்று விரல்கடை. ஆறு வருஷத்தில் அந்தக் கயிறு குறுகியது அதுதான் முதல் தடவை. அவள் அன்று கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தாள்.

முதல் நாள் இருபது நடையில் வாரியிலேயே உட்கார்ந்துவிட்ட மனிதர் இவர். நாலாம் நாள் இரண்டு முழங்காலும் பூசணிக்காய் மாதிரி வீங்கின. வேப்பெண்ணெய் தடவி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சௌந்திரம் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். கொலைகாரி, புருஷனைக் கொல்கிறாயே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். மறுநாள் காலை அவர் யாரும் சொல்லாமல் எழுந்து எருதுகளைப் பூட்டினார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதை அவள் கண்ணால் பார்த்தாள்.

“ஏனுங்க, போதுமுங்க. மேல வாங்க. ஒரு நாளைக்குத் தண்ணி பாயலீன்னா மஞ்சக்காடு ஒண்ணும் செத்துப் போயிராது.”

“காட்டுக்கு ஆரு எறைக்கறா? காலுக்கு எறைக்கறன்.” எருதுகள் காரியையும் செவலையையும் தட்டிக்கொடுத்துப் பின்னுக்கு நடத்தியபடியே அவர் மேடேறி வந்தார். மூச்சு வாங்கியது. ஆனால் பேச முடிந்தது. போன மாதம் அவர் மேடேறினால் பேச்சு வராது.

இருநூறு ஆன பிறகுதான் எருதுகளை அவிழ்த்தார். தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வேப்பமரத்தடியில் வந்து நின்றார். உட்காரவில்லை. நின்றபடியே கூழைக் குடித்தார்.

சௌந்திரத்துக்கு இனிமேல் தாங்காது போலிருந்தது. இந்த மனிதரிடம் போய் ஒரு பொய்யை இருபத்தேழு நாள் வைத்திருக்கிறோமே!

“நா ஒண்ணு சொல்லோணுமுங்க. கோவிச்சுக்கப்படாது.”

“சொல்லு.”

“அந்த ஹேண்டிலை ஆண்டிதான் வித்துப்போட்டான்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்களாமுங்க. பாவமுங்க அவன். அது வந்துங்க…”

“கம்புக் குதிருக்குள்ள கெடக்குது,” என்றார் கவுண்டர்.

அவள் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“மூணாம் நாளே தெரியும். எருதுக்குக் கம்பு அளக்கலாமுன்னு கைய உட்டன், நறுக்குனு வெரல்ல இடிச்சுது. ஆண்டிகிட்டயும் அன்னைக்கே சொல்லிட்டன். அவன் சிரிச்ச சிரிப்புல எருது மெரண்டு போச்சு.”

“அப்பறம் ஏனுங்க எடுக்கல? ஒரு வார்த்தை என்னையக் கேக்கவுமில்லையே!”

“எடுத்தா ஓட்டுவன். ஓட்டுனா உக்காருவன். உக்காந்தா எந்திரிக்க மாட்டன். என்னைய எனக்குத் தெரியாதா?” கூழ்ச்சட்டியை அவள் கையில் கொடுத்தார். “நீ ஒளிச்சது ஒளிச்சதாவே இருக்கட்டும்னு உட்டுட்டன்.”

சௌந்திரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறாள். இந்த மனிதரைப் பார்த்துக் கோபப்பட்டிருக்கிறாள், பரிதாபப்பட்டிருக்கிறாள். இன்றைக்குப்போல அண்ணாந்து பார்த்ததில்லை.

“எனக்குக் கல்யாணங்கூடப் பெருசில்லீங்க மாமா,” என்றாள். “போன நோம்பிக்குக் கோயில் படியேறயில நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு நின்னீங்களே, அன்னைக்கே என்ற உசுரு பாதி போயிருச்சு. எனக்கு நீங்க வேணுமுங்க. அவ்வளவுதான்.”

“இருக்கறன், இருக்கறன்,” என்று கவுண்டர் முகத்தை எருதுகள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

*

உச்சிப் பொழுது சாயுமுன்னே வரப்பின்மேல் வெள்ளைச் சேலை தெரிந்தது.

“மயிலு வர்றாளுங்க!” என்று சௌந்திரம் குதித்தாள். “வெத்தலை வெக்கத்தான் வர்றா! உள்ள போயி நல்ல வேட்டி கட்டிக்குங்க.”

கிட்டே வந்ததும் சௌந்திரத்தின் கண் முதலில் பார்த்தது மயிலம்மாளின் கையை. தட்டு இல்லை, கூடை இல்லை, வெறுங்கை. அடுத்து முகத்தைப் பார்த்தாள். அதில் கல்யாண வீட்டுக் களையே இல்லை. மூன்று மைல் வெயிலில் நடந்து வந்து உதடு காய்ந்திருந்தது.

“வா அம்மிணி. மொதல்ல ஒரு வாய் சோறு உண்ணு.”

“ஊட்லயே உண்டுட்டு வந்தனுங்க நங்கையா. தண்ணி மட்டும் குடுங்க,” என்றாள் அண்ணியிடம்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தாள்.

“அண்ணா, மாப்பிள்ளை ஊட்டுல இருந்து ஆளு உட்டிருந்தாங்க. பொண்ணைத் தூக்கறப்ப ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா அபசகுனமாப் போயிருமாம். எளந்தாரி மாமனா ஒருத்தரைப் பாருங்கன்னு சொல்லி உட்டாங்க. நம்ம சித்தப்பா மகன் சின்னுசாமி இருக்கறான். அவனும் அவளுக்கு மாமன் மொறைதானேங்ண்ணா.”

சின்னுசாமிக்கு முப்பத்திரண்டு வயது. தேக்கங்கட்டை உடம்பு. அவன் தோட்டம் மயிலம்மாள் வருகிற வழியில்தான், பாதித் தூரத்தில் இருக்கிறது. அவன் தூக்கினால் யாரும் குறை சொல்ல முடியாதுதான். ஆனால் கூடப் பிறந்த அண்ணன் உயிரோடு இருக்கையில் பங்காளி வந்து தூக்கினால், அப்புறம் அந்த அண்ணன் எந்தச் சபையில் போய் உட்காருவது?

“நீ என்ன சொல்லி உட்ட?” என்று கேட்டார் கவுண்டர்.

“நா என்னத்தைச் சொல்றதுங்ண்ணா? ஆம்பளையில்லாத ஊடு. அவிய சொல்றதைக் கேட்டுக்கறதுதான்.”

“அம்மிணி, இந்த ஒரு மாசமா உங்கண்ணன் என்ன பாடுபட்டிருக்கறாருன்னு உனக்குத் தெரியுமா?” என்று சௌந்திரம் வெடித்தாள். “இன்னைக்கு ஒத்தை ஆளா எரநூறு நடை!”

“நடக்கறது வேறைங்க நங்கையா. நிச்சயத்தன்னைக்கு நாந்தான் கண்ணால பாத்தனே.”

கவுண்டர் சௌந்திரத்தைக் கையமர்த்தினார். அவருக்குக் கோபமில்லை. “மயிலு, என்னால முடியும். ஒரு கம்பு மூட்டையைத் தூக்கிக் காட்டட்டா?”

“மூட்டை அசையாதுங்ண்ணா. பொண்ணு அசைவா, வெக்கப்படுவா, நழுவுவா.”

“அப்ப நீ வா.”

“எங்கீங்?”

“உன்னையத் தூக்கறன். இங்கிருந்து ஊட்டு வாசப்படி வரைக்கும் நாப்பதடி இருக்கும். தூக்கிட்டுப் போறன். உன்ற காலு மண்ணுல பட்டா நானே சின்னுசாமியக் கூட்டியாந்து தாறன்.”

மயிலம்மாளுக்கு முகம் கன்றிப் போயிற்று. “அய்யோ! என்னங்ண்ணா பேச்சு இது? நாப்பத்தி ரெண்டு வயசுல, தாலியறுத்தவளைப் போயி…”

“நீ எனக்குத் தங்கச்சி. வேற என்னமோ எனக்குத் தெரியாது. வா.”

அவள் சௌந்திரத்தைப் பார்த்தாள். சௌந்திரம் என்ன சொல்வாள்? உள்ளுக்குள் முருகா முருகா என்று அடித்துக்கொள்கிறது. இருநூறு நடை முடித்த கால். கூழைத் தவிர வயிற்றில் ஒன்றுமில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கவுண்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தங்கையின் முன்னால் குந்திவிட்டார்.

குந்தினார்! ஆறு வருஷமாகக் குந்தாத மனிதர். முழங்கால்களை அகல விரித்துத் தொந்திக்கு நடுவில் இடம் விட்டு, பாதம் இரண்டையும் மண்ணில் அழுத்தி உட்கார்ந்தார். இதை எப்போது பழகினார், எங்கே பழகினார்? எஞ்சின் கொட்டகைக்குப் பின்னால் அடிக்கடி போய்விட்டு மண் ஒட்டிய கையோடு வந்தாரே, அதற்குத்தானா என்று சௌந்திரத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

“உக்காரு சாமி,” என்றார் தங்கையிடம்.

மயிலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை மூடியபடி, அண்ணன் கைமேல் உட்கார்ந்தாள். ஒரு கை முழங்காலுக்கடியில், ஒரு கை முதுகுக்குப் பின்னால். கவுண்டர் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

முழங்கால் சொடுக்கென்றது. சௌந்திரம் ஓரடி முன்னால் வைத்தாள்.

“கிட்ட வராதே!”

கழுத்து நரம்பு புடைத்தது. குதிகால் மண்ணில் புதைந்தது. தொடை நடுங்கியது, நின்றது. அப்புறம் ஏறுகிற சால் மாதிரி நிதானமாக, நிறுத்தாமல் மனிதர் எழுந்தார். யார் கையும் படவில்லை. ஊன்றவில்லை, கவிழவில்லை. எழுந்து நின்றுவிட்டார்!

சௌந்திரம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வெற்றிலைக் கிழவர் இப்போது இங்கே இருந்திருக்க வேண்டும். அவர் வாயிலிருக்கும் வெற்றிலை தொண்டையில் அடைத்திருக்கும். சபாஷ் மாமா, சபாஷ் என்று கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

கவுண்டர் நடந்தார். ஐந்தடி. பத்தடி. நடையில் தடுமாற்றமில்லை. வாரியில் எருதுகளோடு மேடேறிய கால் சமதரையில் சொன்னபடி கேட்டது. பதினைந்து. இருபது.

இருபதாவது அடியில் நின்றுவிட்டார்.

முழங்கால் பிசகிவிட்டது என்று சௌந்திரம் பயந்தாள். ஓடி வந்து முகத்தைப் பார்த்தாள். வலிக்கிற முகமில்லை அது. அவர் குனிந்து தம் கையிலிருக்கும் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ புரியாததுபோலக் கையை ஒரு தடவை லேசாக ஏற்றி இறக்கினார்.

“மயிலு.”

“ஏனுங்ண்ணா? எறக்கி உடுங்க, போதும். தூக்கிட்டீங்க.”

“நீ கனமே இல்லியே.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அரை மூட்டை கம்புகூட இதைவிடக் கனக்கும். உன்ற முதுகெலும்பு என்ற கையக் குத்துது. என்னடி இது? நீ என்ன உண்கற? நெசத்தைச் சொல்லு.”

மயிலம்மாள் சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டாள். அதற்குள்ளிருந்து குரல் வந்தது. “வசந்தாளுக்கு நல்ல எடம் அமைஞ்சு தாலி ஏறற வரைக்கும் ஒருபொழுதுன்னு திருச்செங்கோட்டு மலைக்கு நேந்துக்கிட்டனுங்ண்ணா. பொழுது எறங்கித்தான் சோறு. மூணு வருசமாச்சு.”

மூன்று வருஷம்! வந்தபோதெல்லாம் ஊட்லயே உண்டுட்டு வந்தன் என்றாளே, அத்தனையும் பொய்யா? சௌந்திரம் தலையில் அடித்துக்கொண்டாள். கழுத்திலிருந்து கால்வரை சுற்றிய வெள்ளைச் சேலைக்குள் ஒருத்தி இப்படி வற்றிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்து யார் கண்டது? தூக்கிய கைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

கவுண்டரின் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. துடைக்கக் கை இல்லை. “மூணு மைலு. மூணே மைலு நடக்க மாட்டாம ஊட்ல உக்காந்து நெய்யி ஊத்தித் தின்னுட்டிருந்தன். பொழுது சாய ஒரு நாளு உன்ற ஊட்டுப் படி ஏறியிருந்தா, நீ அப்பத்தான் மொதச் சோறு உண்கறதைக் கண்டிருப்பனே! நானெல்லாம் ஒரு அண்ணன்!”

“அப்பிடியெல்லாம் பேசாதீங்ண்ணா.”

“இல்ல மயிலு. இன்னொண்ணும் கேட்டுக்கோ. இன்னைக்குத் தூக்குனது செல்லாது. உன்னைய ஒரு கொழந்தை தூக்கிரும். வசந்தா உன்னையாட்ட ரெண்டு பங்கு இருப்பா. நாளைக்கு அவளைக் கூட்டியா. அவளைத் தூக்கிக் காட்டறன். முடிஞ்சா நான், முடியலீன்னா சின்னுசாமி. அதுவரைக்கும் ஆருக்கும் வெத்தலை வெக்காதே.”

தன் வாயாலேயே இது செல்லாது என்கிறாரே! தங்கை ஒப்புக்கொண்ட வெற்றியைத் திருப்பிக் கொடுக்கிற மனிதர் இந்த உலகத்தில் உண்டா? சௌந்திரத்துக்கு ஒரு பக்கம் ஆத்திரமாகவும் இருந்தது, ஒரு பக்கம் இவர் காலில் விழ வேண்டும்போலவும் இருந்தது.

மயிலம்மாள் விம்மி விம்மி அழுதாள்.

“வெச்சுட்டனுங்ண்ணா,” என்றாள் கடைசியில்.

“என்ன?”

“வர்ற வழியிலயே சின்னுசாமிக்கு வெத்தலை வெச்சுட்டனுங்ண்ணா. உங்களால ஆவாதுன்னு நானே முடிவு பண்ணிட்டன். அவனும் ரெண்டு கையிலயும் வாங்கிக்கிட்டான். உங்ககிட்டச் சொல்லிட்டுப் போலாமுன்னுதான் வந்தன். உங்க மூஞ்சியப் பாத்ததும் வாய் வரலை.”

வேப்பமரத்தில் ஒரு காக்கை கத்தியது. இருபத்தேழு நாள். வீங்கிய முழங்கால். வேப்பெண்ணெய். இருநூறு நடை. எல்லாம் ஒரு வெற்றிலைக்குள் போய்விட்டது. இப்போது இறக்கிவிடுவார், தொப்பென்று இறக்கிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு போய்விடுவார் என்று சௌந்திரம் எதிர்பார்த்தாள். போனால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

கவுண்டர் இறக்கவில்லை.

தங்கையைக் கொஞ்சம் மேலே ஏற்றி, மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். நடந்தார். இருபத்தொன்று, இருபத்திரண்டு. மிச்ச அடியையும் நடந்து, வாசற்படி இரண்டையும் ஏறி, அவள் பாதம் மண்ணில் படாமல் ஆசாரக் கூடத்துக்குள் கொண்டுபோய்த் தம்முடைய மேசைமுன் பெஞ்சில் உட்கார வைத்தார்.

“உன்ற ஒருபொழுது இன்னையோட தீந்துது,” என்றார். “தாலி ஏறற வரைக்கும் மிச்ச நாளு அதை நா இருந்துக்கறன். மலைச் சாமிகிட்ட நானே சொல்லிக்கறன்.”

“அண்ணா, நேந்தது நானுங்…”

“ஒரே வயித்துல பொறந்தவங்கதானே? அவருக்குக் கணக்குத் தெரியும்.”

சுவரில் மாட்டியிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் இறங்கினார். வண்டியைப் பூட்டச் சொல்லவில்லை. கவிழ்த்த கல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேற்கே சின்னுசாமி தோட்டத்துக்குப் போகிற தடத்தில் கால் வைத்த பிறகு ஒரே ஒரு தடவை திரும்பினார்.

“சௌந்திரம், எனக்கு வெச்ச சோத்தை அவளுக்குப் போடு. சின்னுசாமி ஊடு வரைக்கும் நடந்து போயிட்டு வாரேன்.”